பேச்சு திக்காத வைஃபை: வேகத்தையும் தரத்தையும் சமன் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

தேனியில் இருக்கும் அக்கா தினமும் சாயங்காலம் 6 மணிக்கு ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுப்பாள். மடிக்கணினி, ஹெட்போன், திரையில் 14 பிள்ளைகள். முதல் கால் மணி நேரம் வகுப்பு நன்றாகப் போகும். 6:20 வாக்கில் அவள் குரல் துண்டு துண்டாகும், படம் உறையும்.

"டேய், நெட்டு நல்லாத்தான்டா இருக்கு. ஸ்பீடு டெஸ்ட்ல 38 காட்டுது. ஆனா 'மிஸ், கேக்கல மிஸ்'னு பிள்ளைங்க கத்துதுங்க. பெரிய பிளானுக்கு மாறிடவா?"

மாற வேண்டாம் என்றேன். லீவு போட்டு இரண்டு நாள் அங்கே உட்கார்ந்தேன். அதே 40 எம்பிபிஎஸ் டவுன்லோட், 10 எம்பிபிஎஸ் அப்லோட் இணைப்புதான் இன்றும் இருக்கிறது. ஒரு ரவுட்டரும் ஒரு சுருள் கேபிளும்தான் புதிதாக வாங்கினோம். அங்கே செய்ததை, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். வீட்டுக்கும், பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் சின்ன அலுவலகத்துக்கும் இது அப்படியே பொருந்தும்.

படிகளின் வரிசை ஏன் முக்கியம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெரும்பாலானவர்கள் ரவுட்டருக்குள் போய் முதலில் தேடுவது "வீடியோ காலுக்கு முன்னுரிமை" என்ற பொத்தானைத்தான். அது கடைசிப் படி. தேவையைக் குறைக்காமல், வைஃபை அலை போகும் காற்றைச் சுத்தம் செய்யாமல், தரவு காத்து நிற்கும் வரிசையை ஒழுங்கு செய்யாமல் முன்னுரிமை மட்டும் கொடுத்தால், அடைத்துக்கொண்ட சாலையில் ஆம்புலன்ஸ் சைரன் போடுவது போலத்தான் ஆகும்.

வேகம் எதைச் சொல்லவில்லை

ஒரு குரல் அழைப்புக்கு எவ்வளவு அலைவரிசை வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜி.711 என்ற பழைய குரல் முறையில் 20 மில்லி விநாடிக்கு ஒரு பேக்கெட் (தரவின் சிறு பொட்டலம்) கிளம்பும். அதில் குரல் 160 பைட், தலைப்புகள் (முகவரி போன்ற விவரங்கள்) 40 பைட். விநாடிக்கு 50 பேக்கெட். ஒரு பைட்டுக்கு 8 பிட், ஆக 80 கேபிபிஎஸ் (விநாடிக்கு 80 ஆயிரம் பிட்). 40 எம்பிபிஎஸ் இணைப்பில் இது ஐந்நூறில் ஒரு பங்கு. இவ்வளவு சின்ன விஷயம் ஏன் திக்குகிறது? குரலுக்கு வேண்டியது அகலம் இல்லை, நேரம் தவறாமை. ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு-டியின் ஜி.114 பரிந்துரை சொல்கிறது. அதைத் தாண்டத் தாண்ட இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள்.

மொபைல் நெட்வொர்க்கை வடிவமைத்தவர்கள் இதை எண்ணாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். 4ஜி தரவகைப் பட்டியலில் முதல் வகை குரல். அதற்குத் தாமத வரம்பு 100 மில்லி விநாடி, நூற்றுக்கு ஒரு பேக்கெட் தொலைந்தாலும் சரி. ஒன்பதாம் வகை சாதாரண இணையம். அதற்கு 300 மில்லி விநாடி வரை பொறுக்கலாம், ஆனால் பத்து லட்சத்தில் ஒன்றுக்கு மேல் தொலையக் கூடாது. குரல் தொலைவதைப் பொறுக்கும், தாமதத்தைப் பொறுக்காது. கோப்பு தாமதத்தைப் பொறுக்கும், தொலைவதைப் பொறுக்காது. ஒரே போனில், ஒரே டவரில், சாதாரண வோல்ட்டி அழைப்பு (4ஜி வழியே போகும் போன் அழைப்பு) தெளிவாக இருக்க, செயலி வழியே போகும் அழைப்பு திக்குவதற்கும் இதுதான் காரணம். முன்னதற்குத் தனிப் பாதை ஒதுக்கப்படுகிறது. பின்னது பொது வரிசையில் நிற்கிறது.

இன்னொரு கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பேக்கெட்டுகள் ஒழுங்கற்ற இடைவெளிகளில் வந்து சேரும் ஓர் இணைப்பில், சராசரித் தாமதம் நேர்கோட்டில் ஏறாது. எளிய வரிசைக் கோட்பாட்டின்படி, பாதி நிரம்பியிருக்கும்போது தாமதம் காலி இணைப்பைப் போல 2 மடங்கு. 80 சதவீதத்தில் 5 மடங்கு. 90-ல் 10 மடங்கு. 95-ல் 20 மடங்கு. நிஜ போக்குவரத்து இந்தச் சூத்திரத்துக்கு அப்படியே அடங்காது, ஆனால் வளைவின் வடிவம் இதுதான். கடைசிப் பத்து சதவீதத்தைப் பிழிந்தெடுக்கப் போய்த்தான் எல்லா அழைப்பையும் கெடுத்துக்கொள்கிறோம்.

படி 1: யார் எவ்வளவு கேட்கிறார்கள்

ஒரு தாளை எடுத்து வீட்டில் இணைந்திருக்கும் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு, காத்திருக்குமா காத்திருக்காதா என்று குறியுங்கள்.

அக்கா வீட்டுத் தாளில் அப்லோட் பக்கம் இப்படி வந்தது. வீட்டைச் சுற்றி நான்கு வைஃபை கேமராக்கள், ஒவ்வொன்றும் 2 எம்பிபிஎஸ் வீதம் இடைவிடாமல் கிளவுடுக்கு அனுப்புகின்றன. அது 8. அக்காவின் வகுப்பு சுமார் 1.5. இரண்டும் சேர்த்து 9.5. இருப்பதோ 10. யாரும் எதுவும் செய்யாதபோதே இணைப்பு 95 சதவீதத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் 6:20. அத்தான் கடையிலிருந்து வீட்டுக்கு வரும் நேரம். வாசலில் வண்டியை நிறுத்தும்போதே அவர் போன் வைஃபையில் சேர்ந்துகொள்ளும். அன்று எடுத்த படங்களும் வீடியோக்களும் தானாக மேலே ஏறத் தொடங்கும். நான் அறையில் உட்கார்ந்து பிங் (ஒரு பேக்கெட்டை அனுப்பி, பதில் வர எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று காட்டும் கட்டளை) ஓட்டிக்கொண்டிருந்தேன். கீழே ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. அரை நிமிடத்தில் திரையில் 30 இருந்த எண் 400 ஆனது, 700 ஆனது, 850-ல் நின்றது. மாடியில் அக்கா "கேக்குதா? கேக்குதா?" என்று கேட்க ஆரம்பித்தாள்.

செய்தது இவ்வளவுதான். கேமராக்களின் முழுத் தரப் படம் வீட்டில் இருக்கும் ரெக்கார்டரிலேயே பதிவாகட்டும் என்று மாற்றினோம். கிளவுடுக்குத் தரம் குறைந்த துணைப் படம் மட்டும், கேமராவுக்கு 0.5 எம்பிபிஎஸ். 8 என்பது 2 ஆனது. பெரும்பாலான கேமராக்களில் இந்தத் துணைப் படம் தனி அமைப்பாகவே இருக்கும், அதைத் திறந்து பார்ப்பவர்கள்தான் குறைவு. அசைவு தெரிந்தால் மட்டும் அனுப்பு என்ற அமைப்பு இருந்தால் அது இன்னும் நல்லது. போன் படங்களை இரவு சார்ஜில் போடும்போது மட்டும் ஏற்றும் வசதி உங்கள் செயலியில் இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் படி 4 பார்த்துக்கொள்ளும்.

படி 2: எந்த இடத்தில் தேங்குகிறது என்று அளப்பது

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். தாமதம் இரண்டு இடங்களில் ஏறலாம்: உங்கள் சாதனத்துக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருக்கும் காற்றில், அல்லது ரவுட்டருக்கும் இணைய நிறுவனத்துக்கும் நடுவில் இருக்கும் இணைப்பில். இரண்டுக்கும் மருந்து வேறு.

மடிக்கணினியில் இரண்டு கட்டளைச் சாளரங்களைத் திறங்கள். ஒன்றில் ரவுட்டருக்குப் பிங் செய்யுங்கள், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. இன்னொன்றில் வெளியே இருக்கும் ஒரு பொது முகவரிக்கு, 1.1.1.1 அல்லது 8.8.8.8. விண்டோஸில் நிற்காமல் ஓட வேண்டுமானால் கட்டளையோடு மைனஸ் டி (-t) சேர்க்க வேண்டும். இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரிய கோப்பை அப்லோட் செய்யுங்கள். பிறகு ஒரு பெரிய கோப்பை டவுன்லோட் செய்யுங்கள்.

இரண்டு எண்ணும் சேர்ந்து ஏறினால் காற்றில் கோளாறு, படி 3. ரவுட்டர் எண் அசையாமல் வெளி எண் மட்டும் ஏறினால் வரிசையில் கோளாறு, படி 4. அக்கா வீட்டில் இரண்டும் இருந்தன. மாடி அறையில் ரவுட்டர் பிங் 3 மில்லி விநாடியில் இருக்க வேண்டியது அடிக்கடி 100-ஐத் தொட்டது. வெளிப் பிங் 850 வரை போனதை மேலே சொன்னேன்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். இந்தச் சோதனையைப் போனில் செய்யாதீர்கள். போன் மின்சாரத்தைச் சேமிக்க வைஃபையை அவ்வப்போது உறங்க வைக்கும், ஒன்றுமே இல்லாதபோதும் பிங் 100-க்கு மேல் தாவும். அதைப் பார்த்து ரவுட்டரைக் குறை சொல்வது தவறு. இரண்டாவது, ரவுட்டர்கள் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாக வைத்திருக்கும். எப்போதாவது ஒரு எண் துள்ளினால் விட்டுவிடுங்கள், தொடர்ந்து ஏறி நிற்கிறதா என்று பாருங்கள்.

கட்டளை எல்லாம் வேண்டாம் என்றால், ஃபாஸ்ட்.காம் தளத்தில் சோதனை முடிந்ததும் விரிவான விவரத்தைத் திறந்தால் சுமை இல்லாத தாமதம், சுமையோடு உள்ள தாமதம் என்று இரண்டு எண்கள் வரும். இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் நீங்கள் பார்க்க வேண்டியது. மேலே பெரிதாகத் தெரியும் வேக எண்ணுக்கு இந்த வழிகாட்டியில் வேலை குறைவு.

படி 3: காற்றில் நேரத்தை மிச்சம் பிடிப்பது

வைஃபையில் பங்கு போடப்படுவது எம்பிபிஎஸ் என்று நினைக்கிறோம். உண்மையில் பங்கு போடப்படுவது நேரம். ஒரு சேனலில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேச முடியும். 1500 பைட் பேக்கெட் ஒன்றை 300 எம்பிபிஎஸ்ஸில் அனுப்ப 40 மைக்ரோ விநாடி போதும். அதே பேக்கெட்டை 6 எம்பிபிஎஸ்ஸில் அனுப்ப 2 மில்லி விநாடி வேண்டும், அதாவது 50 மடங்கு நேரம்.

இப்போது இரண்டு சாதனங்களும் ஆளுக்கொரு பேக்கெட் என்று முறை வைத்து அனுப்புகின்றன என்று வையுங்கள். ஒரு சுற்றுக்கு 2.04 மில்லி விநாடி. ஒவ்வொருவருக்கும் கிடைப்பது 6 எம்பிபிஎஸ்ஸுக்கும் சற்றுக் குறைவு. 300-ல் இணைந்த சாதனமும் 6-க்கு இறங்கிவிட்டது! ஆய்வாளர் மார்ட்டின் ஹ்யூஸும் குழுவினரும் 2003-லேயே 802.11-பி என்ற பழைய வகை வைஃபையில் இந்தக் கோளாறைக் காட்டினார்கள். இன்றைய சாதனங்கள் பல பேக்கெட்டுகளைச் சேர்த்துக் கட்டி அனுப்புவதால் அளவு மாறும், ஆனால் மெதுவான ஒரு சாதனம் மற்ற எல்லோரின் நேரத்தையும் தின்னும் என்பது மாறவில்லை.

அக்கா வீட்டில் அந்தச் சாதனம் கேட் கேமரா. ரவுட்டரிலிருந்து இரண்டு சுவர் தாண்டி, இரும்புக் கேட்டுக்குப் பக்கத்தில். 6 எம்பிபிஎஸ்ஸில் இணைந்திருந்தது. அது அனுப்புவது 2 எம்பிபிஎஸ்தானே என்று தோன்றும். ஆறில் இரண்டு என்றால் காற்றின் மூன்றில் ஒரு பங்கு. தொலைந்து மறுபடி அனுப்புவதையும் சேர்த்தால் அதற்கும் மேல். ஒரு கேட் கேமராவுக்கு வீட்டின் மொத்தக் காற்று நேரத்தில் மூன்றில் ஒன்று.

அதற்குக் கேபிள் இழுத்தோம். ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை போகும், அங்கே 30 மீட்டர் போதுமானதாக இருந்தது. டிவிக்கும் ரெக்கார்டருக்கும் கேபிள் போட்டோம். நகராத சாதனம் எதுவும் வைஃபையில் இருக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. நூறு அமைப்புகளை மாற்றுவதைவிட ஒரு கேபிள் அதிகம் செய்யும்.

அடுத்தது ரவுட்டரின் இடம். டிவிக்குப் பின்னால், கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது. மாடிப்படி திரும்பும் இடத்துக்கு, தலைக்கு மேல் உயரத்துக்கு மாற்றினோம். கான்கிரீட் தளத்தை ஊடுருவுவதைவிடப் படிக்கட்டுத் திறப்பு வழியே போவது அலைகளுக்கு எளிது. அனுப்பும் சக்தியை உச்சத்துக்கு ஏற்றிவிட்டால் போதுமே என்று கேட்பார்கள். போதாது. ரவுட்டர் கத்துவது போனுக்குக் கேட்கும், போன் முனகுவது ரவுட்டருக்குக் கேட்க வேண்டுமே. திரையில் கோடு முழுதாக இருக்கும், அழைப்பு அறுந்துகொண்டிருக்கும்.

சேனல் அமைப்புகளில் நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள், சேனல் 1, 6, 11 மூன்றில் எது காலியோ அது. 40 போட்டால் எண் கூடித் தெரியும், பக்கத்து வீட்டோடு மோதலும் கூடும். 5 கிகாஹெர்ட்ஸில் தனி வீடானால் 80, அடுக்குமாடியானால் 40. வேலைக்கான மடிக்கணினியை 5-ல் மட்டும் இணையுங்கள்.

ஒரே ரவுட்டரில் விருந்தினருக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று என்று நான்கைந்து வைஃபை பெயர்கள் வைப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு பெயரும் 102.4 மில்லி விநாடிக்கு ஒரு முறை தன்னை அறிவிக்கும். 2.4-ல் அந்த அறிவிப்பு 1 எம்பிபிஎஸ்ஸில் போனால், 250 பைட்டுக்கு 2 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். பெயருக்கு 2 சதவீதம் காற்று போகிறது. உங்களுடையதும் அக்கம்பக்கமும் சேர்த்து ஒரே சேனலில் பத்துப் பெயர்கள் என்றால் யாரும் எதுவும் அனுப்பாமலே ஐந்தில் ஒரு பங்கு காற்று தீர்ந்துவிடும். பெயர்களை இரண்டுக்குள் நிறுத்துங்கள். ரவுட்டரில் 1, 2, 5.5, 11 ஆகிய பழைய வேகங்களை நிறுத்தும் வசதி இருந்தால் நிறுத்துங்கள். மிகப் பழைய சாதனம் ஏதாவது இணைய மறுத்தால் மட்டும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

'ஏர்டைம் ஃபேர்னஸ்' என்ற அமைப்பு தெரிந்தால் அதை இயக்குங்கள். பேக்கெட் எண்ணிக்கையைச் சமமாகப் பிரிப்பதற்குப் பதிலாக நேரத்தைச் சமமாகப் பிரிக்கும். மேலே சொன்ன இரண்டு சாதனங்களில் ஒன்றுக்கு 150-ம் இன்னொன்றுக்கு 3-ம் கிடைக்கும். ஆய்வாளர்கள் டோக்கே ஹொய்லண்ட்-யோர்கென்சனும் டேவ் டாட்டும் அவர்கள் குழுவும் 2017-ல், பல ரவுட்டர்களை இயக்கும் லினக்ஸ் மென்பொருளின் வைஃபைப் பகுதிக்குள் இதையும் படி 4-ல் வரும் வரிசை ஒழுங்கையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள். மெதுவான சாதனத்துக்கு இது கொஞ்சம் கடுமைதான். அதன் பங்கு பாதியாகிறது. ஆனால் அதற்காக வீடே காத்திருப்பது நியாயம் ஆகாது.

படி 4: வரிசையை நம் கைக்குக் கொண்டுவருவது

அந்த 850 மில்லி விநாடி எங்கே இருந்தது? மோடத்துக்குள், அதாவது நிறுவனத்தின் இணைப்பை ரவுட்டருக்குக் கொடுக்கும் பெட்டிக்குள். ஒவ்வொரு மோடத்திலும் அனுப்ப முடியாத பேக்கெட்டுகளை வைத்துக்கொள்ள நினைவகம் இருக்கிறது. அது 1 மெகாபைட் என்றால், 10 எம்பிபிஎஸ் இணைப்பில் காலியாக 0.8 விநாடி ஆகும். ஒரு பெரிய அப்லோட் தொடங்கியதும், பேக்கெட் தொலையும் வரை டிசிபி (கோப்புகளை அனுப்பும் இணைய விதிமுறை) வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும். நினைவகம் பெரிதாக இருப்பதால் எதுவும் தொலையாது. வரிசை நிரம்பி வழியும் விளிம்பில் நிற்கும். அதன் வாலில் போய் நிற்கிறது அக்காவின் 200 பைட் குரல். கணினிப் பொறியாளர் ஜிம் கெட்டிஸ் 2010-ல் தன் வீட்டு இணைப்பில் இதே கோளாறைத் துருவிப் பார்த்து, இதற்கு 'பஃபர்புளோட்' என்று பெயர் வைத்தார்.

மருந்து 2012-ல் வந்தது. கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் எழுதிய 'கோடெல்' முறை, வரிசையில் எத்தனை பேக்கெட் என்று எண்ணாது. ஒவ்வொரு பேக்கெட்டும் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கும். 100 மில்லி விநாடி முழுக்கக் காத்திருப்பு 5 மில்லி விநாடிக்குக் கீழே இறங்கவே இல்லை என்றால், பேக்கெட்டை வேண்டுமென்றே கைவிடத் தொடங்கும். அனுப்புபவர் புரிந்துகொண்டு வேகத்தைக் குறைப்பார். அதோடு தனித்தனி உரையாடல்களைத் தனித்தனி வரிசையில் நிறுத்தும் முறையையும் சேர்த்ததுதான் 'எஃப்கியூ-கோடெல்'. அதன் வளர்ந்த வடிவம் 'கேக்', 2018-ல் லினக்ஸ் 4.19-ல் சேர்ந்தது.

இதில் எனக்கு மிகப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. தனித்தனி வரிசை இருக்கும்போது, கொஞ்சமாக, விட்டு விட்டு அனுப்பும் உரையாடலுக்கு வரிசையே சேராது. அப்படி வரும் பேக்கெட்டை இந்த முறை முதலில் அனுப்பிவிடும். குரல், விளையாட்டு, இணையதளப் பெயருக்கு உரிய முகவரியைத் தேடுவது எல்லாம் இந்த வகை. யாரும் எதையும் "இது முக்கியம்" என்று குறிக்காமலே முக்கியமானது முன்னால் போய்விடுகிறது. படி 5-ன் பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும்.

ஆனால் ஒரு நிபந்தனை. வரிசை நம் ரவுட்டரில் சேர வேண்டும், மோடத்தில் சேரக் கூடாது. அதற்கு ரவுட்டர் மோடத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக அனுப்ப வேண்டும். அந்தக் "கொஞ்சம்"தான் நாம் தரத்துக்குக் கொடுக்கும் விலை.

ஓப்பன்-டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான இலவச இயக்க மென்பொருள்) ஓடும் ரவுட்டரில், வரிசையை ஒழுங்கு செய்யும் எஸ்க்யூஎம் தொகுப்பை நிறுவுங்கள். இணையப் பக்கத்து இடைமுகத்தைத் தேர்ந்தெடுங்கள், வரிசை முறையில் கேக், கூடுதல் சுமை (ஓவர்ஹெட்) என்ற இடத்தில் 44 பைட். வேகத்தைக் கிலோபிட்டில் கேட்கும். இதை ஊகித்துப் போடாதீர்கள். அப்லோடை மூன்று வேளை அளந்து, மிகக் குறைந்த எண்ணை எடுங்கள். அக்கா வீட்டில் 9600. அதில் 85 சதவீதம், 8200-ல் தொடங்கினேன். பெரிய கோப்பை அப்லோட் போட்டுக்கொண்டு வெளிப் பிங்கைப் பார்த்தேன்: 20. பிறகு 8500, 8800, இரண்டிலும் 20-ஐ ஒட்டியே நின்றது. 9200 போட்டதும் 60-க்கு ஏறியது. 8800-க்குத் திரும்பி அங்கேயே விட்டேன்.

டவுன்லோடுக்கு இன்னும் கொஞ்சம் தாராளமாக விட்டுக்கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் நெரிசல் இணைய நிறுவனத்தின் முனையில் நடந்து முடிந்த பிறகுதான் பேக்கெட் நம்மிடம் வருகிறது. நாம் வேகத்தைக் குறைத்து, அனுப்புபவருக்குச் செய்தி போய்ச் சேரக் காத்திருக்கிறோம். அளந்தது 38, வைத்தது 34.

அப்லோடைச் சீராக்கினால் டவுன்லோடும் சீராகும். 100 எம்பிபிஎஸ் டவுன்லோட் ஓடினால் விநாடிக்குச் சுமார் 8300 பேக்கெட் வரும். இரண்டு பேக்கெட்டுக்கு ஒன்று என்று, 'வந்துசேர்ந்தது' என்ற பதில் செய்தி திரும்பப் போக வேண்டும், அதற்கே மேல்பக்கம் 2 எம்பிபிஎஸ் வேண்டும். அப்லோட் அடைத்திருந்தால் அந்தச் செய்திகள் சிக்கி, டவுன்லோடும் தள்ளாடும். அப்லோட் மிகக் குறுகலான இணைப்புகளுக்கு இந்தச் செய்திகளைச் சுருக்கும் வசதி கேக்கில் உண்டு.

இரண்டு இடைஞ்சல்கள் வரும். எஸ்க்யூஎம் ஒவ்வொரு பேக்கெட்டையும் ரவுட்டரின் சிபியு வழியே அனுப்புவதால், ரவுட்டரில் வன்பொருள் வேகமூட்டல் (ஹார்டுவேர் ஆஃப்லோடிங்) இயங்கினால் இது வேலை செய்யாது, அதை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மலிவான ரவுட்டர் சில நூறு எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் மூச்சு வாங்கும். 40, 100 எம்பிபிஎஸ் வீடுகளுக்குக் கவலையில்லை. 500-க்கு மேல் வைத்திருப்பவர்கள் வலுவான சிபியு உள்ள கருவியைப் பார்க்க வேண்டும். அவ்வளவு வேகத்தில் பலருக்கு வரிசை சேர்வதே அபூர்வம் என்பதால், படி 2-ஐச் செய்து பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் இறங்குங்கள்.

நிறுவனம் கொடுத்த ரவுட்டரைத் திறக்க முடியாதவர்கள் அதில் அலைவரிசைக் கட்டுப்பாடு (பேண்ட்வித் கன்ட்ரோல்) இருக்கிறதா என்று தேடுங்கள். மொத்த அப்லோடை 85 சதவீதத்தில் நிறுத்தி, கேமராக்களுக்குத் தனி வரம்பு போட்டாலே பெரிய மாற்றம் தெரியும்.

படி 5: இப்போது முன்னுரிமை

வைஃபையின் முன்னுரிமை முறை 2005-ல் 802.11-இ தரநிலையாக வந்தது. நாம் ரவுட்டரில் பார்க்கும் பெயர் டபிள்யூஎம்எம். நான்கு வகுப்புகள்: குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி.

வேலை செய்யும் விதம் அழகானது. காற்று ஓய்ந்ததும் எல்லோரும் ஒரு குறிப்பிட்ட நேரம் பொறுக்க வேண்டும், பிறகு ஒரு சீட்டு எடுத்து அந்த எண் வரை எண்ண வேண்டும். ஓர் எண்ணுக்கு 9 மைக்ரோ விநாடி. குரல் வகுப்பு 2 எண்ணிக்கை பொறுத்து, 0 முதல் 3 வரையிலான சீட்டை எடுக்கும். வீடியோவும் 2 பொறுக்கும், ஆனால் சீட்டு 0 முதல் 7 வரை. சாதாரணம் 3 பொறுத்து 0 முதல் 15 வரை. பின்னணி 7 பொறுத்து 0 முதல் 15 வரை. யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை, சீட்டுக் குலுக்கலிலேயே குரல் பெரும்பாலும் முந்திவிடுகிறது.

இதன் விலையும் இங்கேயே இருக்கிறது. குரலுக்கு நான்கே சீட்டுகள். ஒரே சமயத்தில் இரண்டு பேர் குரல் வகுப்பில் இருந்தால் ஒரே சீட்டை எடுக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. எடுத்தால் மோதல், இருவரும் மறுபடி. ஆகவே டிவி, டவுன்லோட், விளையாட்டு என எல்லாவற்றையும் குரல் வகுப்பில் தள்ளினால் மோதல் பெருகி மொத்த வேகமும் விழும், குரலும் திக்கும். மேலும், பேக்கெட்டுகளைக் கட்டாகக் கட்டி அனுப்பும் சிக்கனம் பெரும்பாலும் சாதாரண வகுப்பில்தான் நன்றாக நடக்கும். குரல் வகுப்புக்கு ஒரு முறைக்கு ஒன்றரை மில்லி விநாடிதான் காற்று கிடைக்கும். குரலை மட்டும் குரலில் வையுங்கள். படம் பார்ப்பது சாதாரணத்திலேயே இருக்கட்டும், அது பல விநாடிப் படத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும். படங்களை ஏற்றும் வேலையைப் பின்னணிக்குத் தள்ளுங்கள்.

ஒரு விசித்திரமும் தெரிந்திருக்க வேண்டும். அலுவலக ஐபி போன்கள் (நெட்வொர்க் வழியே பேசும் மேசைப் போன்கள்) குரல் பேக்கெட்டில் 46 என்ற டிஎஸ்சிபி எண்ணை, அதாவது முன்னுரிமை எண்ணை, குறிக்கும். பல ரவுட்டர்கள் அந்த எண்ணின் (இரும வடிவில் 101110) முதல் மூன்று பிட்டை மட்டும் பார்க்கும், 5 என்று வரும். வைஃபைக் கணக்கில் 5 என்றால் வீடியோ வகுப்பு. குரல் என்று தெளிவாகக் குறித்ததும் வீடியோவில் போய் நிற்கும். 2018-ல் வந்த ஆர்எஃப்சி 8325 என்ற இணையத் தரநிலை ஆவணம் இதைச் சரிசெய்யச் சொல்லி, 46-ஐ 6-க்கு, அதாவது குரல் வகுப்புக்கு, மாற்றப் பரிந்துரைத்தது. அலுவலகத்தில் ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை பரப்பும் கருவி) நிர்வகிப்பவர்கள் இந்த மாற்றப் பட்டியலைத் திறந்து பார்ப்பது நல்லது. இணையம் வழியே வரும் பேக்கெட்டில் இந்த எண் பெரும்பாலும் வழியிலேயே அழிக்கப்பட்டுவிடும், அதை நம்பி எதையும் கட்டாதீர்கள்.

வேகம் கூடும் என்று யாராவது சொன்னார்கள் என்பதற்காக டபிள்யூஎம்எம்மை நிறுத்தாதீர்கள். 802.11-என் (வைஃபை 4) தொடங்கி இது கட்டாயம். நிறுத்தினால் சாதனங்கள் பழைய 54 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும்.

இணைப்பே 4ஜி, 5ஜி என்றால்

சிம் போட்ட ரவுட்டரில் படி 4 அப்படியே செல்லாது. காலையில் 40, மாலையில் 12 என்று இணைப்பின் வேகமே மாறும். 85 சதவீதம் எதில்? மாலை எண்ணை வைத்தால் காலை வீணாகும், காலை எண்ணை வைத்தால் மாலையில் பயனில்லை. இதற்காகவே கேக்-ஆட்டோரேட் என்ற நிரல் ஓப்பன்-டபிள்யூஆர்டியில் இருக்கிறது. தாமதத்தைக் கவனித்துக்கொண்டே இருந்து, ஏறினால் வரம்பை இறக்கும், இறங்கினால் ஏற்றும். குறைந்தபட்சம், இயல்பு, அதிகபட்சம் என்று மூன்று எண்கள் கொடுக்க வேண்டும். குறைந்தபட்சத்தை உங்கள் மோசமான மாலையை வைத்து முடிவு செய்யுங்கள். அதற்குக் கீழே இணைப்பு விழுந்தால் எந்த நிரலும் காப்பாற்றாது, வீடியோவை அணைத்துவிட்டுக் குரலோடு வகுப்பை நடத்துவதுதான் வழி. இந்த வகை ரவுட்டரை டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலில் வைப்பது எல்லா அமைப்பையும்விடப் பெரிய வித்தியாசம் தரும்.

படி 6: மோசமான மாலையைச் செயற்கையாக வரவழைப்பது

எல்லாம் முடிந்ததும், அமைதியான மதியத்தில் சோதித்துத் திருப்தி அடையாதீர்கள். நாங்கள் மறுநாள் சாயங்காலம் 6 மணிக்குச் சோதித்தோம். கேமராக்கள் ஓடுகின்றன, டிவியில் படம், மருமகன் விளையாட்டில், நான் ஒரு 2 ஜிபி கோப்பை அப்லோட் போட்டேன். 6:20-க்கு அத்தானும் வந்தார், அவர் போனும் படங்களை ஏற்ற ஆரம்பித்தது. பத்து நிமிடம் பிங்கைப் பதிவு செய்தேன். சுமை இல்லாதபோது 14. அந்தப் பத்து நிமிடத்தில் பெரும்பாலும் 20-க்கும் 25-க்கும் இடையில், அதிகபட்சம் 41.

என் கோப்பு ஏறத்தான் நேரமானது. முன்பிருந்த வேகத்தில் பாதிகூட அதற்குக் கிடைக்கவில்லை.

ரவுட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அதில் தேதி, அளந்த அப்லோட் 9600, வைத்த வரம்பு 8800, டவுன்லோட் 38-க்கு 34, சும்மா இருக்கும்போது பிங் 14, சுமையில் 25. நிறுவனம் பிளானை மாற்றினாலோ, மோடத்தை மாற்றினாலோ, ரவுட்டருக்குப் புது மென்பொருள் ஏற்றினாலோ, புதுக் கேமரா மாட்டினாலோ அக்கா அந்த எண்களை மறுபடி அளந்து, பழையதை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதுகிறாள். போன மாதம் ஒரு நாள் சுமையில் 90 வந்தது என்று போன் செய்தாள். அப்லோடை அளக்கச் சொன்னேன், 7400-தான் இருந்தது. இணைய நிறுவனத்தில் புகார் பதியச் சொல்லிவிட்டு, அதுவரைக்கும் வரம்பை 6500-க்கு இறக்கச் சொன்னேன். அவளே இறக்கிவிட்டு 6 மணி வகுப்புக்கு உட்கார்ந்துவிட்டாள்.